காஞ்சியின் கல்வி வாயில்கள்: கடிகை முதல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் வரை

ஒவ்வோர் ஆண்டும் மேல்நிலைத் தேர்வு முடிவுகள் வெளிவந்தவுடன் நம் தெருக்களில் ஒரே கேள்வி எழுகின்றது. "தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். பணம் கட்டச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?" என்று தாய்மார்கள் கேட்கின்றனர். தந்தையர் கணக்குப் போடுகின்றனர். பிள்ளைகளோ கையில் வண்ண விளம்பர ஏடுகளுடன் நிற்கின்றனர். நம் பாட்டன்மார்களுக்கு இக்கேள்வி இருந்ததில்லை. கல்வியின் வாயில் திறக்குமா என்பதே அவர்களுடைய கேள்வி. திறந்து கிடக்கும் பல வாயில்களுள் எது நம்மை உள்ளே அழைத்துச் செல்லும், எது நம் பொருளை வாங்கிக்கொண்டு வெளியே விட்டுவிடும் என்பது நம்முடைய கேள்வி.

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் இவ்வினாவை வரலாற்று வெளிச்சத்தில் ஆராய்வது பொருத்தமாகும். கல்வி நிலையங்களை எவர் தோற்றுவித்தார், எவர் செலவை ஏற்றார், எவர் உள்ளே நுழைந்தார், எவர் வெளியே நின்றார் என்னும் நான்கு கேள்விகளை ஒவ்வொரு காலத்திற்கும் எழுப்பிப் பார்த்தால், இன்று செய்ய வேண்டிய தேர்வும் தெளிவாகும்.

கடிகையும் அதன் கதவுகளும்

கல்விக்குப் பேர்பெற்ற நகர் காஞ்சி என்று வரலாற்று நூல்கள் அனைத்தும் கூறுகின்றன. அது உண்மையே. கருநாடக மாநிலம் தாளகுண்டாவிலுள்ள கதம்பர் கல்வெட்டு, மயூரசர்மன் என்னும் அந்தண இளைஞன் தன் ஆசிரியருடன் காஞ்சியின் கடிகைக்கு வேதக் கல்வி முற்றுப்பெறுவதற்காக வந்ததைச் சொல்கின்றது. இது நான்காம் நூற்றாண்டுச் செய்தி. அங்கே பல்லவ வீரனோடு ஏற்பட்ட பூசலால் சினங்கொண்டு, நூலை விட்டு வாளை ஏந்தி, கதம்ப அரசையே அவன் நிறுவினான். நம் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டோ, இரண்டாம் நந்திவர்மனை அரசனாக ஏற்றுக்கொண்டவர்களுள் கடிகையாரும் இருந்தனர் என்கின்றது. அரசனைத் தேர்ந்தெடுக்கும் அவையில் இடம்பெறும் அளவுக்கு அக்கல்வி நிலையத்திற்குச் செல்வாக்கு இருந்தது.

கி.பி. 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்த சீனப் பயணி யுவான் சுவாங், நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களும் பதினாயிரம் துறவியரும் இங்கு இருந்ததாக எழுதினார். நாளந்தாவின் தலைமை ஆசானாக விளங்கிய தருமபாலர் காஞ்சியில் பிறந்தவர். மணிமேகலைக் காப்பியத்தின் இறுதிப் பகுதி நடைபெறும் இடமும் காஞ்சியே. பௌத்த சங்கம் பிறப்பை வாயிற்படியில் கேட்கவில்லை. கடிகை கேட்டது. நம் முன்னோர் பௌத்தர்களாக இருந்து, பௌத்தம் வீழ்ந்தபோது தாழ்த்தப்பட்டனர் என்று பண்டிதர் அயோத்திதாசர் (1845–1914) எழுதினார். ஆராய்ச்சியாளரிடையே அக்கருத்தைப் பற்றிப் பல முடிவுகள் உள்ளன. ஆயினும் கல்விச் சாலையின் வாயில் எல்லாக் காலத்திலும் ஒரே அகலத்தில் இருந்ததில்லை என்பது ஐயத்திற்கிடமற்ற உண்மை.

சோழர் காலத்திற்கு வருவோம். முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 270 இளைய மாணவர்க்கும் 70 மூத்த மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நாள்தோறும் எவ்வளவு நெல் வழங்க வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்கின்றது. இதற்கென 45 வேலி நிலம் ஒதுக்கப்பட்டது. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்ற நம் அண்டை ஊரான திருமுக்கூடலில், வீரராசேந்திரன் காலத்துக் கல்வெட்டு வேதக் கல்லூரியையும் மாணவர் விடுதியையும் பதினைந்து படுக்கை கொண்ட மருத்துவசாலையையும் பற்றிப் பேசுகின்றது. அக்காலத்திலேயே கட்டணமில்லாக் கல்வி, இலவச உணவு, உதவித்தொகை, விடுதி யாவும் இருந்தன. ஆனால் எவருக்கு? வேதம் ஓதும் உரிமையுடையோர்க்கு மட்டுமே. அச்செலவு எங்கிருந்து வந்தது? நிலத்திலிருந்து வந்தது. அந்நிலத்தின் சேற்றில் இறங்கி உழைத்தவர் எவர் என்பதைக் கல்வெட்டுச் சொல்லவில்லை. இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரி தனியே ஒதுக்கப்பட்டிருப்பதைப் படிப்பவர் தாமே உணர்ந்துகொள்வர். உழைப்பு ஒருவருடையது, கல்வி மற்றொருவருடையது என்னும் ஏற்பாட்டை நாம் முதன்முதலில் காண்பது இங்கேதான். "செலவை ஏற்பவர் எவர், பயனைப் பெறுபவர் எவர்" என்று நாம் கேட்பதற்கு இவ்வரலாறே காரணம்.

வாயில் திறந்த கதை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காட்சி மாறத் தொடங்கியது. இசுகாத்துலாந்து திருச்சபையைச் சேர்ந்த சான் ஆண்டர்சன் 1837-இல் சென்னையில் ஒரு பள்ளியையும் 1839-இல் காஞ்சிபுரத்தில் அதன் கிளையையும் தொடங்கினார். சென்னைப் பள்ளியில் நம் இனச் சிறுவர்கள் சேர்க்கப்பட்டபோது உயர்சாதிப் பெற்றோர் தம் பிள்ளைகளைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். பள்ளி காலியாகும் நிலை வந்தும் ஆண்டர்சன் அச்சிறுவர்களை நீக்க மறுத்துவிட்டார். அந்த மறுப்பு நம் கல்வி வரலாற்றில் குறிக்கத்தக்கது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. வள்ளல் பச்சையப்பரின் அறச்செல்வத்தால் எழுந்த சென்னைக் கல்லூரி, சமயக் குழுவின் துணையின்றி இந்தியர் தாமே நடத்திய கல்லூரி என்னும் பெருமை பெற்றது. ஆயினும் நெடுங்காலம் அதன் கதவு ஆதிதிராவிடர்க்குத் திறக்கவில்லை. 1920-களின் இறுதியில்தான் அத்தடை அகன்றது. அறநிலையக் கல்லூரி என்பதனாலேயே அது எல்லாருக்கும் உரியதாகிவிடாது என்பதற்கு இஃது எடுத்துக்காட்டு. 1947-இல் காஞ்சிபுரத்தில் பச்சையப்பன் ஆடவர் கல்லூரி தொடங்கப்பட்டபோது நாடும் விடுதலை பெற்றிருந்தது, அரசியலமைப்பும் உருவாகிக்கொண்டிருந்தது. அரசு நிதியுதவி பெறும் அக்கல்லூரியில் நம் பிள்ளைகள் உரிமையோடு பயில முடிந்ததற்கு வள்ளன்மை மட்டும் காரணமன்று, சட்டமும் காரணம்.

செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராயிருந்த திரெமென்கீர் 1891-இல் நம் மாவட்டத்துப் பறையர்களின் நிலை குறித்து எழுதிய அறிக்கை, 1892-இல் நிலம் ஒதுக்கும் ஆணைக்கு வழிவகுத்தது. 1893-இல் பஞ்சமர் கல்விக்கென்றே தனி ஆணை பிறந்தது. 1894-இல் கர்னல் ஆல்காட்டு அடையாற்றில் முதல் இலவசப் பள்ளியைத் திறந்தார். 1920-இல் தொழிலாளர் ஆணையர் பொறுப்பு ஏற்படுத்தப்பட்டு, அவருடைய துறையின்கீழ் தோன்றிய பள்ளிகளும் விடுதிகளுமே பிற்காலத்து ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளுக்கும் விடுதிகளுக்கும் வித்தாயின. பெருந்தலைவர் எம்.சி. இராசா சட்டமன்றத்தில் தொடர்ந்து வாதாடியது இக்கதவுகளை அகலப்படுத்தவே.

கதவு திறந்த பின்னும் உள்ளே இருத்தல் எளிதன்று. செங்கல்பட்டு மாவட்டத்திலேயே பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், கோவையில் பயின்ற நாள்களைத் தம் வாழ்க்கைச் சுருக்கத்தில் விவரிக்கின்றார். ஏறக்குறைய நானூறு மாணவர்களுள் பத்துப் பேரைத் தவிர ஏனையோர் பார்ப்பனர். தம் சாதியும் இருப்பிடமும் வெளிப்பட்டுவிடுமோ என்று அஞ்சி, அவர் பிறரோடு பழகாமல் ஒதுங்கியிருந்தார். பள்ளிக்கு முன்னதாக வந்தால் எங்கேனும் தனித்திருந்து படித்துவிட்டு, மணி அடித்த பின்னரே வகுப்புக்குள் செல்வார். கல்வி நிலையம் ஒரு மாணவனுக்குப் "பொருந்துகிறதா" என்னும் கேள்வியின் முழுப் பொருளும் இந்நிகழ்ச்சியில் அடங்கியுள்ளது. கட்டடமும் பாடத்திட்டமும் மட்டும் பொருத்தமாகா. தலைநிமிர்ந்து மணிக்கு முன்பே வகுப்பில் போய் அமர முடிகிறதா என்பதும் பொருத்தமே.

சிதம்பரத்து இரு நிலையங்கள்

தனியார் பல்கலைக்கழகம் தமிழகத்திற்குப் புதியதன்று. இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். 20 இலட்சம் ரூபாய் நன்கொடை அளித்தார். அரசும் துணைநின்றது. 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. தமிழாராய்ச்சிக்கும் தமிழிசைக்கும் அது ஆற்றிய தொண்டு பெரிது. அதே சிதம்பரத்தில், அதற்கும் முன்னதாக 1916-இல், கையில் பொருளில்லாத துறவியான சுவாமி சகசானந்தர் (1890–1959) நந்தனார் பெயரால் நம் பிள்ளைகளுக்குப் பள்ளியும் விடுதியும் நிறுவினார். ஒன்று செல்வர் ஒருவரின் கொடையால் எழுந்தது. மற்றொன்று வீடுவீடாகச் சென்று திரட்டிய உழைப்பால் எழுந்தது.

இவ்விரண்டின் பிற்கால வரலாறு நமக்குப் பாடமாகும். ஏறத்தாழ 84 ஆண்டுகள் நிறுவனர் குடும்பத்தின் செல்வாக்கில் இயங்கிய பல்கலைக்கழகம் கடும் நிதி நெருக்கடியில் ஆழ்ந்தது. 2013-இல் தனிச் சட்டத்தின் வாயிலாக அரசே அதனை ஏற்றது. அரசு ஏற்ற பின்னும் அதன் மருத்துவக் கல்லூரியில் கட்டணம் தனியார் அளவிலேயே நீடித்ததனால் 2020–21-இல் மாணவர்கள் நீண்ட போராட்டம் நடத்தினர். 2021-இல் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின்கீழ் வந்தது. அதன் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014–15-க்குப் பின் ஏற்பில்லை என்று 2022 மார்ச்சில் பல்கலைக்கழக மானியக் குழு பொது அறிவிப்பு வெளியிட்டது. புகழ்மிக்க பல்கலைக்கழகத்திலும் கூட ஒரு குறிப்பிட்ட படிப்புக்கு, ஒரு குறிப்பிட்ட ஆண்டுக்கு ஏற்பு உண்டா என்று தனியே கேட்க வேண்டும் என்பதே இதன் படிப்பினை. பெயரின் புகழ் படிப்பின் ஏற்புக்குச் சான்றாகாது.

அண்ணல் பயின்ற தனியார் பல்கலைக்கழகம்

"தனியார் என்றாலே நமக்கு ஆகாது" என்று ஒதுக்குவோரும் நம்மிடையே உண்டு. அவர்கள் சிந்திக்க ஒரு செய்தி. பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1913-இல் சேர்ந்த நியூயார்க்குக் கொலம்பியா பல்கலைக்கழகம் தனியார் நிலையமே. அங்கே சான் டூவி, செலிக்மன் போன்ற பேராசிரியர்களிடம் பயின்றார். வாழ்நாள் முழுதும் டூவியின் மாணவராகவே தம்மைக் கருதினார்.

ஆனால் அவர் எவ்வாறு சேர்ந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். பரோடா மன்னர் மூன்றாண்டுக்கு, மாதம் பதினொன்றரைப் பவுன் உதவித்தொகை அளித்தார். படித்து முடித்த பின் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்பது கட்டுப்பாடு. உதவித்தொகை முடிந்ததும் 1917-இல் இலண்டன் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுத் திரும்ப நேர்ந்தது. பரோடாவில் தங்க இடமும் கிடைக்காமல் தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானார். பின்னர்ப் பம்பாய் சிடனாம் கல்லூரியில் கற்பித்துப் பணம் சேர்த்து, கோலாப்பூர் சாகு மன்னரின் உதவியும் நண்பர் நவல் பதேனாவிடம் பெற்ற கடனும் கொண்டு 1920-இல் மீண்டும் இலண்டன் சென்றார். இதில் மூன்று உண்மைகள் உள்ளன. ஆசிரியரையும் நூலகத்தையும் கண்டே அவர் பயனடைந்தார். பெருஞ்செலவைத் தம் ஏழைக் குடும்பத்தின்மேல் சுமத்தவில்லை. உதவித்தொகையின் ஒப்பந்த விதிகள் அவர் வாழ்வையே திசைதிருப்பின. உயர்ந்த கல்விக்குத் தனியார் நிலையம் தடையன்று. எவர் பணத்தில், எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி.

பிற்காலத்தில் அவர் நமக்காகச் செய்தவையும் இவ்வனுபவத்தின் விளைவே. வைசிராய் அவையில் உறுப்பினராயிருந்த காலத்தில், தாழ்த்தப்பட்டோர்க்கான உயர்கல்வி உதவித்தொகை 1944-இல் நடைமுறைக்கு வந்தது. 1945-இல் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியைத் தொடங்கினார். அரசின் உதவித்தொகை, சமுதாயம் தானே நடத்தும் கல்விச் சங்கம் என்னும் இரண்டு கால்களில் நம் கல்வி நடக்க வேண்டும் என்பதே அண்ணல் காட்டிய வழி.

சுயநிதியும் நிகர்நிலையும்

1984 முதல் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் பெருகின. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரும் சாலைகளின் இருமருங்கும் கல்லூரிகள் எழுந்தன. 1956-ஆம் ஆண்டு மானியக் குழுச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, சிறந்த கல்வி நிலையத்தைப் பல்கலைக்கழகத்திற்கு நிகராக அறிவிக்க வழி செய்திருந்தது. அவ்வழியே பல கல்லூரிகள் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களாயின. நம் நகரை அடுத்த ஏனாத்தூரில் காஞ்சி காமகோடி பீடத்தின் அறக்கட்டளை நிறுவிய ஸ்ரீ சந்திரசேகரேந்திர சரசுவதி விசுவ மகாவித்தியாலயம் 1993-இல் இத்தகுதி பெற்றது. கடிகை இருந்த நகரில் மீண்டும் ஒரு பல்கலைக்கழகம் அமைந்தது. இம்முறை வாயிலில் பிறப்பைக் கேட்பது சட்டப்படி குற்றம். ஆனால் தனியார் நிலையங்கள் எல்லாவற்றின் வாயிலிலும் கட்டணம் என்னும் மற்றொரு காவலன் நிற்கின்றான்.

சட்டத்தின் வரலாற்றை இளைஞர்கள் அறிந்திருத்தல் இன்றியமையாதது. 1951-இல் செண்பகம் துரைராசன் வழக்கின் தீர்ப்பு வகுப்புவாரி ஆணையை வீழ்த்தியது. அதன் எதிரொலியாக அரசியலமைப்பின் முதல் திருத்தம் 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. 1993-இல் தமிழக அரசு இயற்றிய சட்டம் 69 விழுக்காட்டு இடஒதுக்கீட்டைக் காத்தது. அதில் ஆதிதிராவிடர்க்கு 18 விழுக்காடு. 2009-இல் அதனுள் அருந்ததியர்க்கு 3 விழுக்காடு உள்ஒதுக்கீடு செய்யப்பட்டது. 2005-இல் இனாம்தார் வழக்கில், அரசு நிதி பெறாத தனியார் கல்லூரிகளின்மேல் இடஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்று உச்சநீதிமன்றம் கூறியது. அதே ஆண்டில் நிறைவேறிய 93-ஆம் திருத்தம் 15(5) என்னும் உட்பிரிவைச் சேர்த்து, சட்டம் இயற்றினால் தனியார் நிலையங்களிலும் ஒதுக்கீடு செய்யலாம் என்றது. 2014-இல் பிரமதி வழக்கில் உச்சநீதிமன்றம் இதனை ஏற்றுக்கொண்டது. ஆயினும் நாடு முழுமைக்கும் தனியார் பல்கலைக்கழகங்களில் ஒதுக்கீடு தரும் நாடாளுமன்றச் சட்டம் வரவில்லை. அத்தகைய சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2025-இல் பரிந்துரை செய்தது. அதே ஆண்டு அக்டோபரில், தனியார் கல்லூரிகள் பல்கலைக்கழகங்களாக மாறுவதை எளிதாக்கும் திருத்தம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியபோது, இடஒதுக்கீடும் உதவிபெறும் கல்லூரிகளும் என்னவாகும் என்ற எதிர்ப்பு எழுந்தது. அரசு அதனை மறுஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. அப்போது நாட்டில் எழுந்த குரல் நம் வீட்டுக் கேள்வியையே பெரிதாக்கிக் கேட்டது எனலாம்.

இதன் நடைமுறைப் பொருள் யாது? சிறுபான்மை அல்லாத சுயநிதிப் பொறியியல் கல்லூரி தன் இடங்களில் 65 விழுக்காட்டை அரசுக் கலந்தாய்வுக்கு ஒப்படைக்கின்றது. அவ்விடங்களில் நம் ஒதுக்கீடு உண்டு. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களோ பொறியியல் போன்ற படிப்புகளுக்குச் சேர்க்கையைத் தாமே நடத்துகின்றன. நிகர்நிலை மருத்துவக் கல்லூரிகளுக்கு 2017 முதல் மையக் கலந்தாய்வு நடந்தாலும், அங்கே பட்டியல் இனத்தவர்க்கு ஒதுக்கீடு இல்லை. ஆண்டுக் கட்டணம் இருபது இலட்சம் ரூபாயைக் கடந்த கல்லூரிகளும் உண்டு. ஒரே சாலையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு கட்டடங்களில் ஒன்றில் உரிமையோடு நுழைகின்றோம், மற்றொன்றில் விலை கொடுத்து நுழைகின்றோம்.

தகுதியின் நிலைப்பாடும் ஐயத்திற்குரியதாகலாம். சத்தீசுகர் மாநிலம் 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 112 தனியார் பல்கலைக்கழகங்களைத் தோற்றுவித்தது. பேராசிரியர் யசுபால் தொடுத்த வழக்கில் 2005-இல் உச்சநீதிமன்றம் அவற்றைச் செல்லாதவை என அறிவித்து, சேர்ந்துவிட்ட மாணவர்களைக் காக்க அந்நிலையங்களை அரசுப் பல்கலைக்கழகங்களோடு இணைக்க வழிசெய்தது. 2009-இல் தாண்டன் குழு 44 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் அத்தகுதிக்கு ஏற்றவை அல்ல என்றது. அவற்றுள் பல தமிழகத்தைச் சேர்ந்தவை. பின்னர் வழக்குகளும் மறு ஆய்வுகளும் நடந்து, பெரும்பாலானவை தகுதியைத் தக்கவைத்துக்கொண்டன. எனினும் இடைப்பட்ட ஆண்டுகளில் மாணவர் பட்ட மனவேதனைக்கு ஈடு எதுவுமில்லை.

உதவித்தொகையின் நுண்விதி

இம்மலரைப் படிக்கும் ஒவ்வொரு குடும்பமும் மனத்திற் கொள்ள வேண்டிய பகுதி இதுவே. 2012-இல் தமிழக அரசு வெளியிட்ட ஆணை, சுயநிதிக் கல்லூரிகளில் பயிலும் ஏழை ஆதிதிராவிட, பழங்குடி, மதம் மாறிய கிறித்தவ ஆதிதிராவிட மாணவர்களின் கட்டாயக் கட்டணத்தை அரசே ஏற்கும் என்றது. நம் தெருக்களில் முதல் பொறியாளர்கள் பலர் தோன்றியதற்கு அவ்வாணை பெருங்காரணம். ஆனால் 2017-இல் தமிழக அரசும், 2018-இல் நடுவண் அரசின் திருத்திய நெறிமுறைகளும், நிருவாக ஒதுக்கீட்டில் சேர்ந்தோர்க்கு இவ்வுதவி இல்லை என்று வரையறுத்தன. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்திற்குள் இருக்க வேண்டும் என்பதும் விதி.

ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு, ஒரே இருக்கைப் பலகை. கலந்தாய்வு வழியே வந்த மாணவனுக்கு உதவித்தொகை உண்டு. இடைத்தரகர் சொல் கேட்டு நிருவாக இடத்தில் சேர்ந்த மாணவனுக்கு இல்லை. "முதலில் பணம் கட்டுங்கள், உதவித்தொகை பின்னர் வந்துவிடும்" என்னும் ஒரு வாக்கியத்தை நம்பிக் கம்மலையும் வீட்டுமனையையும் இழந்த குடும்பங்கள் உண்டு. எனவே எந்த ஒதுக்கீட்டில் இடம் தரப்படுகிறது என்பதைக் கல்லூரியிடம் எழுத்தில் பெறுக. அவ்விடத்திற்கு உதவித்தொகை உண்டா என்பதை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுத் தெளிக. இரண்டும் முடியும்வரை ஒரு ரூபாயும் செலுத்தற்க. சேர்க்கையை விலக்கிக்கொண்டால் கட்டணத்தைத் திருப்பித் தரவும், மாணவரின் மூலச் சான்றிதழ்களைப் பிடித்துவைக்காதிருக்கவும் வேண்டும் என்று 2018 அக்டோபரில் மானியக் குழு அறிவித்துள்ளது என்பதையும் அறிந்திருங்கள்.

முன்பணமும் கல்விக்கடனும்

நம் ஊர் பட்டுத்தறியின் ஊர். முன்பணம் என்னும் சொல்லின் பொருளை இங்கு எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. முதலாளியிடம் முன்பணம் வாங்கிய நெசவாளி, அது தீரும்வரை அத்தறியை விட்டு அகல முடியாது. வேறிடத்தில் கூலி உயர்ந்தாலும் அவன் கால் கட்டுண்டிருக்கும். கல்விக்கடனும் இன்னும் ஈட்டாத கூலியின்மேல் வாங்கும் முன்பணமே. 2001-இல் வகுக்கப்பட்ட வங்கிகளின் கல்விக்கடன் திட்டம், நான்கு இலட்சம் வரை ஈடின்றிக் கடன் பெற வழி செய்தது. கந்துவட்டியை விட அது நூறு மடங்கு மேல். எனினும் கணக்கைப் பார்க்க வேண்டும்.

ஆண்டுக்கு ஓர் இலட்சமாக நான்காண்டில் நான்கு இலட்சம் வாங்கியதாகக் கொள்வோம். வட்டி நூற்றுக்குப் பத்து என்க. படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்கும்போது தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்திருக்கும். ஆகக் கடன் 5,40,000. இதனைப் பத்தாண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 7,140 ரூபாய் கட்ட வேண்டும். முடிவில் கட்டிய தொகை எட்டரை இலட்சத்தைத் தாண்டும். குடும்ப வருமானம் நான்கரை இலட்சத்திற்குள் உள்ளோர்க்கு, படிப்புக் காலத்து வட்டியை நடுவண் அரசு ஏற்கும் திட்டம் 2009-இல் வந்தது. தகுதியுடையோர் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். முதல் வேலையில் மாதம் பதினைந்தாயிரம் பெறும் இளைஞனுக்கு இத்தவணை சம்பளத்தில் ஏறத்தாழ பாதி. அவன் மேற்படிப்புக்கோ போட்டித் தேர்வுக்கோ செல்ல முடியாது. கிடைத்த வேலையைப் பற்றிக்கொண்டே இருப்பான். தறி மாறியது, முன்பணம் மாறவில்லை என்றாகிவிடும்.

தேர்ந்து தெளிதல்

இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் நெறி கடினமானதன்று. அரசுக் கல்லூரியும் அரசு உதவிபெறும் கல்லூரியும் முதலில் வருக. நம் காஞ்சியிலேயே பச்சையப்பன் ஆடவர் கல்லூரியும், 2010-இல் தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரியும் உள்ளன. செய்யாற்றில் அறிஞர் அண்ணா பெயரால் அரசு கலைக் கல்லூரி உள்ளது. கூரை உயரமில்லை என்பதற்காக இவற்றைத் தாழ்வாக எண்ணுதல் அறியாமை. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மருத்துவத்தில் 2020 முதலும் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் வந்த 7.5 விழுக்காட்டு ஒதுக்கீட்டை முதலில் நாடுக.

அடுத்து வருவது சுயநிதிக் கல்லூரியின் கலந்தாய்வு இடம். அங்கே ஒதுக்கீடும் உதவித்தொகையும் உண்டு. கலந்தாய்வுக்குப் பதிவு செய்யாமலே நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் முன்கூட்டி இடம் "உறுதி" செய்துகொள்வது, கையிலுள்ள நெல்லை விதைக்கும் முன்னே விற்பது போன்றது.

தனியார் பல்கலைக்கழகம் தகுந்ததாகும் நிலைகளும் உண்டு. வேறெங்கும் கிடைக்காத பாடம், புகழ்பெற்ற ஆசிரியர், நிறைந்த நூலகமும் ஆய்வுக்கூடமும், முழுக் கட்டணத்தையும் ஏற்கும் உதவித்தொகை ஆகியவை கூடிவந்தால் தயங்க வேண்டியதில்லை. அண்ணல் கொலம்பியாவுக்குச் சென்றது அவ்வாறே. ஆனால் அவ்வுதவித்தொகை ஓராண்டுக்கா, முழுப் படிப்புக்குமா, மதிப்பெண் குறைந்தால் நிறுத்தப்படுமா என்பதை முதலிலேயே கேட்க வேண்டும். பரோடா உதவித்தொகை இடையில் முடிந்த கதையை நினைவிற் கொள்க.

சேரும் முன் அங்கே பயிலும் நம் பிள்ளைகளைத் தேடிச் சென்று பேசுங்கள். எத்தனை பேர் சேர்ந்தனர், எத்தனை பேர் முடித்தனர், விடுதியில் எவ்வாறு நடத்தப்படுகின்றனர், சாதி இழிவு நேர்ந்தால் முறையிட இடம் உண்டா என்று கேளுங்கள். சம வாய்ப்புப் பிரிவு ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் இருத்தல் வேண்டும் என்று மானியக் குழு 2012-இல் விதி வகுத்தது. அப்பிரிவின் அறை எங்கே என்று கேட்டால், அந்நிலையத்தின் உள்ளம் விளங்கிவிடும். அடுத்து, விளம்பரத்திலுள்ள மிக உயர்ந்த சம்பளத்தைக் காணாமல், கடந்த ஆண்டு முடித்தவருள் நடுவில் நிற்பவன் என்ன ஊதியம் பெறுகின்றான் என்று வினவுங்கள். கடன் தவணையைக் கட்டப்போவது பெரும்பாலும் அந்நடுவில் நிற்பவனே.

நம் சங்கத்தின் கடமை

இளைஞர்களே, ஒரு குடும்பம் தனித்து நின்று இத்தனை கேள்விகளையும் கேட்க இயலாது. அதற்காகத்தான் சங்கம். சுவாமி சகசானந்தர் விடுதி கட்டியதும், அண்ணல் கல்விக் கழகம் கண்டதும் தனிமனிதன் தனித்து நின்றால் ஏமாற்றப்படுவான் என்பதனாலேயே. நம் சங்கத்தில் பயின்று பட்டம் பெற்ற ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை ஒதுக்கினால் போதும். ஒரு நாள் கலந்தாய்வுக்குப் பதிவு செய்ய உதவலாம். மற்றொரு நாள் தாம் பயின்ற கல்லூரியின் உண்மையான கட்டணத்தையும் வேலைவாய்ப்பையும் எழுதி வைக்கலாம். அவ்வேடு ஆண்டுதோறும் வளர்ந்தால், எந்த வண்ண விளம்பரத்தையும் விட நம் பிள்ளைகளுக்கு அதுவே நம்பத்தக்க வழிகாட்டியாகும்.

எண்ணாயிரத்துக் கல்வெட்டு ஒவ்வொரு மாணவனுக்கும் எத்தனை நாழி நெல் என்று எழுதி வைத்தது. அந்த நெல் விளைந்த நிலத்தில் உழைத்தவர்களின் வழித்தோன்றல்கள் இன்று தம் கணக்கைத் தாமே எழுதும் காலம் வந்துள்ளது. கணக்கறிந்து சேர்வோம். உரிமையோடு கிடைக்கும் இடத்தை விட்டுவிட்டு விலைக்குக் கிடைக்கும் இடத்தின் பின்னே ஓடாதிருப்போம். தகுதியான இடம் எங்கிருந்தாலும், அது தனியார் நிலையமேயாயினும், கடனுக்கு அடிமையாகாமல் அங்கே சென்று கற்போம். கற்றவர் திரும்பி வந்து அடுத்தவர் கையைப் பிடித்து அழைத்துச் செல்வோம். நம் சங்கம் பொன்விழாக் காணும்போது இம்மலரின் பக்கங்களை இன்றைய மாணவர்களே எழுதுவார்களாக!